குடும்ப வரலாறு: இல்லை

அந்தக் கருத்தரிப்பு மையத்தின் டாக்டரைக் கைராசிக்காரர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அவர் கை பட்டால் போதுமாம். அவளும் முதல் நாள் அந்தக் கையைப் பார்த்தாள். மூன்று நிமிடத்தில் ஹார்மோன் மாத்திரைகளை எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட மேஜை மணியின் மேல் பட்டது. அவள் மேல் படவில்லை.

பாடநூல் அச்சடிக்கும் அச்சகத்தில் அவள் பன்னிரண்டு வருடமாகப் புரூஃப் பார்க்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருடம். கணவன் லிஃப்ட் மெக்கானிக். இங்கே அனுப்பி வைத்தது நாத்தனார். "கண்ண மூடிக்கிட்டுப் போங்க அண்ணி" என்றாள். மற்றதெல்லாம் செய்யலாம், கண்ணை மூடினால் பிழைப்பு போய்விடும்.

மாத்திரை தொடங்கிய இரண்டாவது வாரம் ஒன்பது குழாய் ரத்தம் எடுத்தார்கள்.

"எதுக்கு சிஸ்டர் இவ்வளவு?"

"ரத்தம் உறையுற கோளாறு இருக்கான்னு பாக்க. இங்க வர்ற எல்லாருக்குமே எடுப்போம்."

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. அதில் ஒரு புரோட்டீன் குறைவு என்று தடித்த எழுத்தில் இருந்தது. "ரத்தம் கெட்டியா இருக்கும்மா. தினமும் வயித்துல ஒரு ஊசி போட்டுக்கணும்" என்றார் கைராசிக்காரர். சொல்லும்போதே கை மணியைத் தேடிக்கொண்டிருந்தது.

வெளியே கூடத்தில் ஏழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். விசாரித்துப் பார்த்தாள். ஆறு பேருக்கு ரத்தம் கெட்டி. ஊரிலுள்ள பெண்களின் ரத்தமெல்லாம் சொல்லி வைத்தாற்போல ஒரே மாதத்தில் கெட்டியாகிவிட்ட அதிசயத்தைக் கண்டு அங்கே யாரும் மூக்கில் விரலை வைக்கவில்லை. சட்டையைத் தூக்கி வயிற்றில் கன்றிப்போன இடங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள், புது வளையலைக் காட்டுவதைப் போல.

தொழில் புத்தி சும்மா இருக்குமா? ரிப்போர்ட்டை முதல் எழுத்திலிருந்து படித்தாள். கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: ஹார்மோன் மருந்து எடுப்பவர்களுக்கு இந்த அளவு குறைவாகக் காட்டக்கூடும்; மருந்தை நிறுத்திய பிறகு மறுபடி சோதிக்கவும்.

அடுத்த முறை அந்த வரியைக் காட்டிக் கேட்டாள்.

"மருந்து குடுத்துட்டு எடுத்தா தப்பாக் காட்டும்னு போட்டிருக்கே டாக்டர்?"

கைராசிக்காரர் சிரித்தார். "இன்டர்நெட்ல படிச்சுட்டு வந்தியாம்மா?"

"இல்ல டாக்டர். நீங்க குடுத்த ரிப்போர்ட்லதான் படிச்சேன்."

சிரிப்பு நின்றது. "அதெல்லாம் சும்மா போடுறது. மனச போட்டுக் குழப்பிக்காத. டென்ஷன் ஆனா கரு தங்காது." மணி அடித்தது. பதில் தெரியாத கேள்விக்கெல்லாம் அந்த மனிதரிடம் ஒரு மணி இருந்தது.

கூடத்துக்கு வந்து முதல் பக்கத்தைத் திருப்பினாள். 'குடும்ப வரலாறு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்றிருந்தது. அவள் குடும்பத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு தையல்காரப் பெண். ஏழு பேரில் நார்மல் என்று ரிப்போர்ட் வந்த ஒரே ஒருத்தி. கருமுட்டை வளர்வதற்கான ஊசி போட ஆரம்பித்து எட்டு நாள் ஆகியிருந்தது. அவள் தாளிலும் அதே 'இல்லை'.

"உங்க வீட்ல யாருக்காவது ரத்தம் உறைஞ்சிருக்கா?"

"எங்கம்மாவுக்கு என்னைப் பெத்தப்பவே கால்ல உறைஞ்சுதுக்கா. அம்மாகூடப் பொறந்த சித்தி பிரசவமாகி ஒன்பதாம் நாள் நெஞ்சடைச்சுப் போயிட்டாங்க. நுரையீரல்ல போய் அடைச்சுக்கிச்சாம்."

"இங்க சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலையே. டெஸ்ட்ல வேற நார்மல்னு வந்துருச்சு, எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்." அவள் குனிந்து இடது காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "முந்தாநாள்லருந்து விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. சிஸ்டர்கிட்ட காட்டினேன். மிஷின் மிதிக்கிறதால வர்ற வலி, கால தூக்கி வெச்சுப் படுன்னாங்க."

இரண்டு கால்களையும் சேர்த்து வைக்கச் சொல்லிப் பார்த்தாள் புரூஃப் பார்ப்பவள். இடது கால் சிவந்து, வீங்கி, பளபளத்தது. தப்பைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்ள அவளுக்கு எவருடைய கைராசியும் வேண்டியிருக்கவில்லை.

"எந்திரிங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்."

"டாக்டர் கோவிச்சுப்பாரேக்கா."

"கோவிச்சுக்கட்டும். அதுக்காவது நேரம் ஒதுக்குவாருல்ல."

பெரியாஸ்பத்திரியில் ரத்த நோய்ப் பிரிவின் டாக்டரம்மா காலைத் தொடும் முன்பே கேட்டார்: "அம்மாவுக்கு, கூடப் பிறந்தவங்களுக்கு, யாருக்காவது இது வந்திருக்கா?" பதிலைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தானே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஸ்கேன் அறைக்கு ஓடினார். தொடை வரைக்கும் ரத்தக் கட்டி ஏறியிருந்தது.

"டெஸ்ட்ல எல்லாம் நார்மல்னு வந்துச்சே மேடம்?" என்றாள் தையல்காரி படுத்தபடியே.

"எல்லாக் கோளாறும் டெஸ்ட்ல சிக்காதும்மா. அம்மாவுக்கும் சித்திக்கும் வந்திருக்குன்னா, ரிப்போர்ட் என்ன சொன்னாலும், உறைவைக் கூட்டுற முட்டை ஊசியப் போடும்போது உன்னை ஜாக்கிரதையாப் பாத்திருக்கணும்."

ரத்தம் உறையாமல் தடுக்கும் அதே வயிற்று ஊசியை அன்றே தொடங்கினார்கள். உண்மையில் தேவைப்பட்ட ஒருத்திக்கு ஊசி கிடைத்தது, நல்லவேளையாக நுரையீரலுக்குப் போவதற்கு முன்பே.

மறுநாள் அவள் தையல்காரியின் ஸ்கேன் பிரதியோடு மையத்துக்குப் போனாள். கைராசிக்காரர் அதைத் தொடாமலே பார்த்தார்.

"ரிப்போர்ட் நார்மல்னுதானே வந்துச்சு? நான் என்ன பண்ணட்டும்?"

"குடும்பத்துல யாருக்காவது இருக்கான்னு கேட்டிருக்கலாம்."

"ஒரு நாளைக்கு நூறு பேர் பாக்குறேன். கேக்க நேரம் எங்கம்மா இருக்கு?"

"ஒன்பது குழாய் எடுக்க நேரம் இருந்துச்சே டாக்டர்."

அவர் மணியை அடித்தார். அவள் எழுந்திருக்கவில்லை. இன்னொரு முறை அடித்தார். உள்ளே வந்த சிஸ்டர் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, அடுத்த ஆளை அழைக்காமல் வாசலிலேயே நின்றாள். 'குடும்ப வரலாறு' கட்டத்தில் 'இல்லை' என்று தட்டச்சு செய்தது அந்த சிஸ்டர்தான். அப்படியே அடிக்கச் சொன்னவர் எதிரில் உட்கார்ந்து மேஜைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் கணவனுக்கு மையத்திலிருந்து போன் வந்தது. கைராசிக்காரரே பேசினார். "உங்க வீட்டம்மாவைக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க சார். எல்லாத்துலயும் தப்பு கண்டுபிடிக்கிறாங்க."

"அது அவ வேலை சார்" என்றான் லிஃப்ட் மெக்கானிக். "நீங்க உங்க வேலையப் பாருங்க."

நாத்தனார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவ்வளவு ராசியான கையைப் பகைத்துக்கொள்வார்களா என்று உறவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாத்திரையையும் ஊசியையும் நிறுத்தச் சொல்லி, இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மா புரூஃப் பார்ப்பவளுக்கு அந்தப் புரோட்டீன் சோதனையை மட்டும் திரும்பச் செய்தார். அளவு சரியாக இருந்தது. அவள் ரத்தம் எல்லார் ரத்தத்தையும் போலத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்தோரு ஊசி போட்ட வயிற்றின் நீலம் மறைய மட்டும் நாளாயிற்று. குழந்தை இன்னும் இல்லை. பெரியாஸ்பத்திரி வரிசையில் மறுபடி முதலிலிருந்து நிற்கிறாள். அங்கே காத்திருக்கும் நேரம் அதிகம், ஆனால் உள்ளே போனால் கேட்கிறார்கள்.

தையல்காரி பதினோராம் நாள் வீட்டுக்குப் போனாள். கிளம்பும் முன் படுக்கையில் உட்கார்ந்தபடியே வெளியூரில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டாள். தங்கைக்கு அது ஐந்தாம் மாதம்.

"அம்மாவுக்கு வந்தது, சித்தி எப்படிப் போனாங்கன்னு, இப்ப எனக்கு வந்தது, எல்லாத்தையும் உன் டாக்டர்கிட்ட போய்ச் சொல்லுடி. நாளைக்கு இல்ல, இன்னிக்கே. கேக்கலைன்னாலும் சொல்லு. கேக்காம எந்திரிக்கச் சொன்னா, எந்திரிக்காத."