சாக்பீஸ் தூள்

குழிக்குள் நின்றிருந்த அசன்குலின் நெற்றியில் சிவப்பு எண்ணெய் சொட்டியது. இடது புறங்கையால் துடைத்துவிட்டு, தலைக்கு மேலே நின்ற காரைப் பார்த்துக் கத்தினான்.

"இன்னொரு தடவை ஸ்டியரிங்கைத் திருப்புடா! கடைசிவரைக்கும் திருப்பிப் பிடிச்சுக்காதே, அப்புறம் உன் முதலாளி சொல்றது நெசமாயிடும்."

"அந்த ஆளு பேச்சை விடுங்கண்ணே," என்றான் காருக்குள்ளிருந்த மெதெர். "வண்டியை எடுத்த நாள்லேருந்து ஒழுகுது. நானும் வாங்கி வாங்கி ஊத்திக்கிட்டே இருக்கேன்."

நரின் ஊரிலிருந்து தோலோன் மலைக்கணவாயைத் தாண்டித் தலைநகர் பிஷ்கெக்குக்கு ஆள் ஏற்றிப் போகிற கார். காருக்கு வயது இருபத்தாறு. இரண்டு வருடம் முதலாளி ஷார்பெக்குக்காக ஓட்டினால் கார் மெதெருக்கே சொந்தம் என்று பேச்சு. இன்னும் ஏழு வாரம்தான் பாக்கி. ஓட்டுகிறவன் தப்பால் ஏதாவது உடைந்தால் அந்தப் பேச்சு செல்லாது. பனியில் சக்கரம் சிக்கியபோது ஸ்டியரிங்கை முரட்டுத்தனமாகத் திருப்பி, சக்கரங்களைத் திருப்பும் ரேக்கை உடைத்துவிட்டான் என்று போன வாரம் ஷார்பெக் ஆரம்பித்தார். மெக்கானிக் அசன்குல் பார்த்துச் சொல்வதுதான் முடிவு என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

அடிப்பக்கம் முழுக்க எண்ணெயும் புழுதியும் அப்பிக் கிடந்தன. எல்லாமே நனைந்திருந்தால் எங்கிருந்து வருகிறது என்று எவனால் சொல்ல முடியும்? மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, துடைத்து, உலரவிட்டார்கள்.

"இனி மேலே ஏதாவது தூள் தூவணும். எங்க முதல்ல ஈரம் தெரியுதோ அதான் இடம்."

மெதெர் டிக்கியிலிருந்த மாவு மூட்டையைப் பிரித்து இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்தான்.

"அடப்பாவி! ரொட்டி ஆகுற மாவை எஞ்சின்ல கொட்டுவியா? பாவம்டா. கை விளங்காமப் போயிடும். போ, திரும்ப மூட்டையில போடு."

மெதெர் அசடு வழியச் சிரித்தான். பின்சீட்டில் அவன் மனைவியின் பை கிடந்தது. பள்ளிக்கூட டீச்சர் அவள். பையிலிருந்து சாக்பீஸ் பெட்டியை எடுத்தான்.

"எண்ணித்தான் குடுப்பாங்களாம். வீட்டுக்குப் போனா இருக்கு எனக்கு. வண்டி நம்மளுதாயிட்டா ஒரு லாரி சாக்பீஸ் வாங்கிக் குடுத்துடலாம்!"

ஆறு துண்டுகளைச் சுத்தியால் தட்டிப் பொடியாக்கினார்கள். அசன்குல் ரேக்கின் மேலும் பம்பின் மேலும் ஹோஸ்கள் மேலும் தூவினான். எஞ்சின் ஓடியது. மெதெர் திருப்பிக்கொண்டே இருந்தான். பம்ப் முனகியது.

ரேக் வெள்ளையாகவே இருந்தது. எண்ணெய்த் தொட்டிக்குத் திரும்பிப் போகும் ஹோஸில் மட்டும் சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. அசன்குல் விளக்கைக் கிட்டே கொண்டுபோனான். அந்த இடத்தில் டியூப் ரப்பரைச் சுற்றிக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. முறுக்கு இடப்பக்கமாகப் போயிருந்தது. இடக்கைக்காரன் முறுக்கு. நரினில் அப்படி முறுக்குகிறவன் அசன்குல் ஒருவன்தான்.

மெதெர் இந்தக் காரைத் தொடுவதற்கு முந்தைய வசந்தத்தில், ஷார்பெக் ஒரு கல்யாணத்துக்கு அவசரமாகக் கிளம்பியபோது கட்டிக்கொடுத்தது. பத்து நாள் தாங்கும், புது ஹோஸ் போட்டுடுங்க என்று அன்றைக்கே சொல்லியிருந்தான்.

எஞ்சின் நின்றது. குழியின் விளிம்பில் பளபளக்கும் காலணிகள் தெரிந்தன. ஷார்பெக் வந்துவிட்டார். இந்தக் குழியும் கொட்டகையும் அவருடையவை.

"என்ன அசன்குலு, ரேக்குதானே? நல்லாப் பாத்துச் சொல்லு. குளிர்காலத்துக்கு இந்த இடம் வேணும்னு மச்சான் வேற நச்சரிக்கிறான்."

"பாத்ததைச் சொல்லுங்கண்ணே," என்றான் மெதெர்.

அசன்குல் கையிலிருந்த துணியால் ஹோஸை ஒரே இழுப்பில் துடைத்தான்.

"ரேக்குதான்."

மெதெர் காரிலிருந்து இறங்கி, தரையில் படுத்து எட்டிப் பார்த்தான். ரேக் முழுக்க வெள்ளை. ஹோஸில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்குத் தூள் இல்லை. அசன்குலின் துணியில் வெள்ளையும் சிவப்பும் ஒட்டியிருந்தன.

"முதலாளி, ரேக் காஞ்சு கெடக்கு! வந்து நீங்களே பாருங்க!"

"நான் என்ன மெக்கானிக்கா? அவன் சொல்றதுதான் முடிவுன்னு நீயும்தானே தலையாட்டினே? சாவியை வை."

மெதெர் எழுந்திருக்கவில்லை. குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். "மாவைக் கொட்டினா பாவம்னீங்களேண்ணே," என்றான் மெதுவாக.

அசன்குல் துணியைச் சுருட்டிப் பாக்கெட்டில் திணித்தான்.

சாவி சீட்டில் விழுந்தது. மெதெர் மனைவியின் பைக்குள் மிச்ச சாக்பீஸ்களைப் போட்டு, மாவு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சாலைப் பக்கம் நடந்தான். அவன் போன பிறகு ஷார்பெக் குனிந்தார்.

"நாளைக்கு வேற ஆள் வர்றான், ரெண்டு வருஷப் பேச்சுக்கு. போன தடவை மாதிரியே ஒரு கட்டு கட்டிடு."

அசன்குல் பழைய டியூபிலிருந்து விரல் அகலத்துக்கு ரப்பர் வெட்டி எடுத்தான். ஹோஸில் சுற்றினான். கம்பியை இடக்கையால் முறுக்கத் தொடங்கினான்.