பிளக்கைக் கழற்றவும்

ஒக்டோபர் 23, வியாழன்

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை விட்டிருக்கிறேன். பிரின்டரில் கறுப்பு மை பாதி இருப்பதாக எழுதினேன். பல்பு வெளிச்சத்தில் பார்த்ததால் வந்த பிழை. இன்று பொழுது இருக்கும்போதே போய்ப் பார்த்தேன். அடிக்கோட்டுக்கு ஒரு விரல் மேலே நிற்கிறது, அவ்வளவுதான்.

பிழையைத் திருத்தியதும் இன்னொரு சந்தேகம் வந்தது. மார்ச்சில் வாங்கியபின் இது இரண்டாவது போத்தல். ஒரு போத்தலுக்கு நாலாயிரம் பக்கம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. விளம்பரம் என்று அதில் பாதியைக் கழித்தாலும், நாங்கள் இதுவரை ஏறக்குறைய நாலாயிரம் பக்கம் அடித்திருக்க வேண்டும். என் பதிவுக் கொப்பியில் இருப்பது 1,146. மூன்று தடவை கூட்டினேன். 1,146 தான்.

இந்த பிரின்டரைத் தெரிவு செய்தது நான். மாலை வகுப்பில் நாங்கள் ஆறு பேர், ஆறு பேருமே சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறியவர்கள். கேதீஸ்வரி மிஸ் கடந்தகால வினாத்தாள்களை போனுக்கு அனுப்புவார். டவுனில் அச்செடுத்தால் பஸ் காசும் சேர்ந்து கட்டுப்படியாகாது. ஆறு பேரும் சேர்ந்து ஒன்று வாங்குவோம் என்றபோது, “லோஜினிதான் எதையும் எழுதி வச்சுப் பார்ப்பா” என்று என்னிடம் விட்டார்கள்.

மூன்று வாரம் எழுதி வைத்துப் பார்த்தேன். மைப்பெட்டி மாட்டும் வகை விலை குறைவு, ஆனால் இரண்டு பெட்டி வாங்கும் காசுக்கு இன்னொரு பிரின்டரே வாங்கலாம். தூள் போடும் லேசர் வகை நல்லது, ஆனால் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வயர் அதைத் தாங்காது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய காம்பராக்கள்; ஒன்றில் கேத்தல் போட்டாலே பக்கத்துக் காம்பராவில் பல்பு மங்கும். கடைசியில் போத்தலில் இருந்து மை ஊற்றும் தாங்கி வகையை எடுத்தோம். போட்டோ கொப்பியும் எடுக்கலாம்.

வகுப்பு நடக்கும் முன்பள்ளிக் கட்டடத்துக்குப் பூட்டு இல்லை. அதனால் பிரின்டர் வினோதா வீட்டில் இருக்கிறது. அவளுடையது கடைசிக் காம்பரா. கூரைத் தகரம் ஒழுகாது. எங்கள் எல்லோரிலும் அவளுக்குத்தான் அச்சுத்தாள் அவசியம். அவளிடம் இருப்பது பட்டன் போன். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்க்கும் ஆயா அடுத்த வருஷக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். கணிதம் சித்தியென்றால் அந்த வேலைக்கு வினோதாவை எடுக்கலாம் என்று தோட்டத் துரை சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் குவைத்தில் வீட்டு வேலை. ஏஜென்ட் ஆண்டியப்பன் மாதம் இரண்டு தடவை வந்து பாஸ்போர்ட்டைக் கேட்கிறார். பெப்ரவரியில் பரீட்சை எழுதிவிட்டுச் சொல்கிறேன் என்று அவள் தள்ளிக்கொண்டே போகிறாள்.

நான் பகலில் கூட்டுறவுக் கடையில் நிற்கிறேன். அங்கே இருப்பு குறைந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். வேறு பொருள் எனக்குச் சொல்லித் தரப்படவில்லை.

சனிக்கிழமை கேட்பேன். வினோதாவைத் தனியாகக் கேட்பதா, எல்லோரிடமும் பொதுவாகக் கேட்பதா? பொதுவாகக் கேட்பதுதான் நியாயம் என்று தோன்றுகிறது.

ஒக்டோபர் 25, சனி

பொதுவாகக் கேட்டேன். அது பொதுவாக இருக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் கொப்பியைத் திறந்து கணக்கை வாசித்தேன். “ரெண்டாயிரத்து எண்ணூறு பக்கத்துக்கான மை எங்க போச்சுன்னு தெரியல” என்றேன்.

சர்மிளா சிரித்தாள். “பேய் குடிச்சிருக்கும்டி. கடைசிக் காம்பராவுல பேய் இருக்குன்னு எங்க அப்பா சொல்வாரு.”

யாரும் சிரிக்கவில்லை. கடைசிக் காம்பரா என்றதும் எல்லோரும் வினோதாவைப் பார்த்தார்கள்.

“என்னையவா கேக்குற?” என்றாள் வினோதா.

“எல்லாரையுந்தான் கேக்குறேன்.”

“மிஷினு எங்க வீட்டுல இருக்கு. அப்ப யாரக் கேக்குற?”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. “லயத்து ஆளுங்க யாராச்சும் ஐடென்டி கார்ட் கொப்பி எடுக்க வந்தாங்களான்னு கேக்குறேன். நீ இல்லாதப்ப உங்க அம்மா எடுத்துக் குடுத்திருக்கலாம்ல.”

வினோதா தன் கொப்பியை மூடி, பென்சிலை அதற்குள் வைத்து, எழுந்து போனாள். செருப்பை வாசலில் மாட்டக்கூட நிற்கவில்லை, கையில் எடுத்துக்கொண்டே இறங்கினாள்.

மிஸ் யாழ்ப்பாணத்தவர், சத்தம் போட்டுப் பேசமாட்டார். “உம்மட கணக்கு சரியாத்தான் இருக்கும் பிள்ளை,” என்றார். “எண்டாலும் எல்லாருக்கும் முன்னால தாயையும் இழுத்துக் கேக்கிறதே?”

வீட்டுக்கு வந்து மறுபடி கூட்டினேன். 1,146.

ஒக்டோபர் 28, செவ்வாய்

வினோதா வகுப்புக்கு வரவில்லை. 2019 வினாத்தாளை அச்செடுக்க நான் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா ராக்காயி அத்தை கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

“வாங்க ஆடிட்டர் அம்மா. நல்லா எண்ணிப் பாத்துக்குங்க. எங்க வீட்டு மண்ணெண்ணெய்ப் போத்தலையும் மோந்து பாருங்க, மை வாசம் அடிக்குதான்னு.”

வினோதா அடுப்படியில் இருந்தாள். வெளியே வரவில்லை.

பிளக்கை மாட்டி பட்டனை அழுத்தினேன். வழக்கம்போல் ஒரு நிமிஷம் கர்ரென்று உறுமியது. பிறகு இரண்டு சிவப்பு விளக்குகளும் மாறி மாறி மின்னின. தாள் இழுக்கவில்லை. கழற்றி மாட்டினேன். மறுபடி உறுமல், மறுபடி மின்னல். ஐந்து தடவை செய்தேன்.

சுவரில் மார்ச்சில் நான் ஒட்டிய விதிகள் இருக்கின்றன. ஆறு விதி. தாளின் இரண்டு பக்கமும் அடிக்கவும். கலர் வேண்டாம். பக்க எண்ணிக்கையைப் பதியவும். நான்காவது: வேலை முடிந்த உடனே சுவரில் இருந்து பிளக்கைக் கழற்றவும். போன வருஷம் இதே மாதத்தில் விழுந்த இடியில் எங்கள் லயத்தில் மூன்று டீவி எரிந்தன. அதனால் அதற்கு மட்டும் சிவப்புக் கோடு போட்டிருந்தேன்.

“பழுதாயிருச்சு அத்தை” என்றேன்.

“அதையும் நாங்கதான் பண்ணோம்னு எழுதிக்க.”

நவம்பர் 2, ஞாயிறு

பிரின்டரைத் தடித்த படங்குச் சாக்கில் சுற்றி, சாயாமல் மடியில் வைத்துக்கொண்டு காலை பஸ்ஸில் டவுனுக்குப் போனேன். எங்களுக்கு இதை விற்றதும், வீட்டுக்கு வந்து பொருத்திக் கொடுத்ததும் டவுனில் கடை வைத்திருக்கும் நிரஞ்சன் அண்ணன்தான். நாலு ஸ்குரூ கழற்றி, அடியில் இருந்து ஒரு தட்டை உருவி, பத்திரிகைத் தாளின் மேல் வைத்தார். தட்டு நிறையப் பஞ்சு. ஊறிக் கறுத்து, ஓரத்தில் சொட்டியது.

“இந்தா இருக்கு தங்கச்சி ஒங்க மை.”

எனக்கு விளங்கவில்லை. அவர் விளங்கப்படுத்தினார். கரன்ட் வந்ததும் உறுமுகிறதே, அப்போது அது மையை உறிஞ்சி, தாளில் மை தெளிக்கும் தன் தலையைக் கழுவுகிறது. கழுவிய மை இந்தப் பஞ்சுக்கு வருகிறது. பட்டனில் அணைத்தால் தலையை மூடிவிட்டுத்தான் அணையும். சுவரில் பிடுங்கினால் மூடாமலே கிடக்கும். தலை காயும், காய்ந்ததை அடுத்த தடவை இன்னும் அதிகமாகக் கழுவும். பஞ்சு நிறைந்தால் வேலையை நிறுத்திக்கொள்ளும்.

“பட்டன்ல அமத்தி, வெளக்கு அணைஞ்சப்புறம் பிளக்கப் புடுங்கியிருந்தா இந்தக் கேடு இல்ல. யாரு இப்புடிப் புடுங்கச் சொன்னது?”

பஞ்சு மாற்றலாமா என்று கேட்டேன்.

“பஞ்சு மாத்தலாம். தலையுஞ் செத்துப் போச்சே. தலை வாங்குற காசுக்கு நீங்க புதுசே பாக்கலாம்.”

புதிதுக்கு எங்களிடம் காசு இல்லை. தட்டைத் திரும்ப மாட்டும்போது அவராகவே சொன்னார்: “அந்த வினோதா புள்ள போன மாசம் இங்கதான் ஐடென்டி கார்ட் கொப்பி எடுத்துச்சு. வீட்லயே மிஷின் இருக்கேம்மான்னு கேட்டேன். ‘அது வகுப்பு மிஷின் அண்ணே, சொந்த வேலைக்குத் தொடக்கூடாது’ன்னுச்சு.”

அது ஆறாவது விதி.

திரும்பி வந்ததும் நேரே கடைசிக் காம்பராவுக்குப் போனேன். வினோதா தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில், கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கை அலசிக்கொண்டிருந்தாள். பஞ்சைப் பற்றிச் சொன்னேன். என் விதியால் வந்தது என்று சொன்னேன். யாரும் எடுக்கவில்லை என்று சொன்னேன். அவள் அலசுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

“காய்ச்சல்ல கெடந்தேன்ல ஆகஸ்ட்ல, அப்பக்கூட அம்மாவ எழுப்பி பிளக்கக் கழட்டச் சொன்னேன். ஒரு நாள் தவறல.”

“தெரியும்.”

“இப்பத் தெரியும்.”

படங்கைப் பிழிந்து கல்லில் போட்டாள். “நீ நல்லா எழுதுவ லோஜி. ஏழாவது விதியும் எழுதி ஒட்டிக்க. வினோதா திருடலன்னு.”

“வகுப்புக்கு வா. எல்லாருக்கும் முன்னால நானே சொல்றேன்.”

“வெள்ளிக்கெழமை ஆண்டியப்பன் வந்தாரு. பாஸ்போர்ட்டக் குடுத்துட்டேன். அடுத்த வாரம் மெடிக்கல்.”

“பரீட்சை?”

“பேப்பர் எங்க இருக்கு, பரீட்சை எழுத?” அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஈரத் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எப்போது எதை வேறு மாதிரிச் செய்திருக்கலாம் என்று எழுதிப் பார்த்தேன். மார்ச்சில் கூடவந்த கைநூலை முழுதும் வாசித்திருக்கலாம். தமிழில் இல்லை என்று மூடி வைத்தேன். 25ஆம் திகதி அவளைத் தனியாகக் கேட்டிருக்கலாம். கேட்காமலே இருந்திருக்கலாம். பட்டியல் நீள்கிறது, எதுவும் இனிச் செய்யக்கூடியது இல்லை. மெடிக்கலில் சித்தியடைந்தால் தை பிறக்கும் முன் போய்விடுவாள் என்று சர்மிளா சொல்கிறாள். பாஸ்போர்ட்டைத் திருப்பித் தர ஆண்டியப்பன் காசு கேட்பார். அந்தக் காசு லயத்தில் யாரிடமும் இல்லை.

நாளை: ஐந்து மணிக்கு எழும்புவது. 2019 வினாத்தாளின் கேத்திரகணிதப் பகுதியை போனில் பார்த்துக் கையால் எழுதுவது. படங்களை அடிமட்டம் வைத்துக் கீறுவது. கார்பன் தாள் வைத்தால் ஒரு தடவையில் மூன்று பிரதி வரும், ஆக இரண்டு தடவை. ஆறு மணிக்கு, வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்கு ஆட்கள் கிளம்புமுன், ஆறாவது பிரதியை வினோதா வீட்டுக் கதவு இடுக்கில் வைப்பது. சுவரில் இருக்கும் விதிகளைக் கிழித்து எடுக்க ராக்காயி அத்தையிடம் அனுமதி கேட்பது.