மாடி ரேடியேட்டரில் காற்று

மூன்று நாளாக மாடியில் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் வயிறு பொருமிய மாடு மாதிரி களக் களக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. தொட்டால் கீழ்ப்பாதி வெதுவெதுப்பு, மேல்பாதி சில்லென்று கிடந்தது. வெளியே இவானிட்சா ஊரே பனியில் விறைத்திருக்க, உள்ளே மருமகள் தியானா கோட்டைக் கழற்றாமலே பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

"அத்தை, இவ கையைத் தொட்டுப் பாருங்க. ஐஸ் மாதிரி இருக்கு."

பேத்தி பிறந்து நாற்பது நாள் ஆகவில்லை. அதற்குள் பச்சைப் பிள்ளையை வாசல் தாண்டித் தூக்கிப் போகிற வழக்கம் கிடையாது. ஆகவே சூடு இந்த அறைக்குத்தான் வந்தாக வேண்டும்.

உள்ளே அடைத்த காற்றை வெளியேற்ற மாமியார் தேசாங்கா சின்னச் சாவியை எடுத்து ரேடியேட்டர் ஓரத்துத் திருகைத் திறந்தாள். லேசாகப் புஸ்ஸென்றது, அப்புறம் ஒன்றுமில்லை. எத்தனை தடவை திறந்தாளோ அவளுக்கே கணக்கில்லை. திறக்கத் திறக்கச் சத்தம்தான் கூடியது.

தண்ணீரைக் காய்ச்சி ரேடியேட்டர்களுக்கு அனுப்பும் பாய்லர் நிலவறையில் இருந்தது. நிலவறைச் சாவி கீழ்வீட்டு மூத்த ஓரகத்தி ராதோய்காவிடம் இருந்தது. மாமனார் தன் இரண்டு மகன்களுக்கும் ஆளுக்கொரு தளமாக வீட்டைக் கட்டி, பாய்லரை மட்டும் பொதுவில் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஓரகத்திகளைப் பற்றி அந்த மனிதருக்கு ஒன்றுமே தெரியாது. புருஷன்மார் இருவரும் ஆஸ்திரியாவில் ஒரே அறையில் சமைத்துச் சாப்பிட்டு வேலை பார்த்தார்கள். இங்கே இவர்களுக்குள் பேச்சே கிடையாது. தேசாங்கா தன் மகன் கல்யாணத்துக்கு ராதோய்காவைக் கூப்பிடவில்லை. இன்றுவரை அதற்காக அவள் வருத்தப்பட்டதும் இல்லை.

இப்போது வேறு வழியில்லாமல் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள்.

ராதோய்கா கையில்லாத சட்டையில் நின்றாள். அவள் வீட்டு அனல் வாசல்வரை அடித்தது.

"வழி தெரிஞ்சு வந்துட்டியே!"

"மேல சூடு வரலை."

"எப்படி வரும்? திறந்து திறந்து அழுத்தத்தையெல்லாம் விட்டுட்ட. பாய்லர்ல அழுத்தம் காட்டுற முள்ளு அரைக்குக் கீழ படுத்துக் கிடக்கு."

"நான் காத்தைத்தான் எடுத்து விட்டேன்."

"கிழிச்ச! கீழ அழுத்தம் இல்லாதப்ப மேல திருகைத் திறந்தா காத்து வெளிய போகுமா, உள்ள வருமா? அதுவும் பம்ப் ஓடுறப்ப! மூணு நாளா நீயேதான் காத்தை உள்ள விட்டுக்கிட்டிருக்க."

"மூணு நாளா உங்களுக்குத் தெரியுமா?"

"தினம் முள்ளைப் பாக்குறவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் தண்ணி ஏத்தலையா? மேல பச்சப் புள்ள இருக்கு!"

"அப்படியா? கல்யாணம் நடந்ததே எனக்குத் தெரியாதே. புள்ளை பொறந்தது மட்டும் எப்படித் தெரியும்?"

அவள் கொண்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது தேசாங்காவுக்கு. பேத்தியின் விரல்களை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் ஏத்தி விடுங்க... அக்கா."

அந்த 'அக்கா'வை ராதோய்கா நின்று ருசித்தாள்.

"மேல போ. பம்பை நிறுத்திட்டுத் தண்ணி விடுறேன். நான் குழாயில ஒரு தட்டு தட்டினா திற. தண்ணி சீரா வந்ததும் மூடிட்டு ரெண்டு தட்டு தட்டு. கத்தித் தொலைக்காத, உன் குரலைக் கேட்டா எனக்குத் தலைவலி."

"உங்க குரல் மட்டும் எனக்கு இனிக்குதாக்கும்!"

ஒவ்வொரு ரேடியேட்டராக வேலை நடந்தது. கீழிருந்து ஒரு தட்டு, மேலிருந்து இரண்டு. இத்தனை வருஷம் ஒருத்தியை ஒருத்தி அடிக்க நினைத்த அடியையெல்லாம் அந்தக் குழாய்தான் வாங்கிக்கொண்டது. கடைசியாகக் குழந்தையின் அறை. காற்று நெடுநேரம் சீறி, கறுப்புத் தண்ணீரைத் துப்பி, பிறகு தெளிந்து வழிந்தது. பம்ப் மறுபடி ஓடியது. களக் களக் சத்தம் நின்று போயிற்று. ரேடியேட்டர் மேலிருந்து கீழ்வரை சுடச் சுட, தியானா கோட்டைக் கழற்றினாள்.

அப்போது படியேறி வந்தாள் ராதோய்கா.

"சரியா மூடினியான்னு பாக்கணும். உன் லட்சணம் எனக்குத் தெரியும்."

பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து ரேடியேட்டரைத் தடவிப் பார்த்தாள். பிறகு தொட்டில் பக்கம் திரும்பினாள்.

பிறந்த பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் "அய்யே, என்ன அசிங்கம்!" என்று முகத்தைச் சுளித்து மூன்று தடவை துப்புவதுதான் அங்கே மரியாதை. இல்லாவிட்டால் கண் பட்டுவிடும். ஜென்மப் பகையாளியும் அதை மட்டும் தவறமாட்டான். தேசாங்கா காத்திருந்தாள்.

ராதோய்கா குனிந்து நிதானமாகப் பார்த்தாள்.

"எவ்வளவு அழகு! என்ன நிறம்! அந்தக் கண் இமையைப் பாரேன். இந்தத் தெருவுல இப்படி ஒரு புள்ளை பொறந்ததே இல்லை."

அவள் துப்பவில்லை.

வியன்னாவிலேயே பிறந்து வளர்ந்து இந்த வழக்கம் அறியாத தியானாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப நன்றி, பெரியத்தை!"

தேசாங்கா பாய்ந்து வந்து தொட்டிலை மறைத்துக்கொண்டு, "அசிங்கம்! அசிங்கம்! த்தூ! த்தூ! த்தூ!" என்றாள்.

"அத்தை! என்ன பண்றீங்க?" தியானா பதறிப்போனாள்.

"சூடும் குடுத்தேன், நாலு நல்ல வார்த்தையும் சொன்னேன்," என்றாள் ராதோய்கா வாசலில் நின்று. "போய் ஊரெல்லாம் சொல்லு."

அவள் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. யாரிடம் போய் என்னவென்று சொல்வது? பிள்ளையை அழகு என்றாள் என்றா? தொட்டிலில் பேத்தி ஒரு தும்மல் போட்டாள். தேசாங்கா மறுபடி குனிந்து, "த்தூ! த்தூ! த்தூ!" என்றாள்.