நான் தொடாத கூறை

என் தங்கை தக்சிகாவிடம் நான் எச்சரிக்கையாக ஏதும் சொன்னேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. சொன்னதாக ஒரு நினைவு இருக்கிறது. அது எனக்கு வசதியான நினைவு என்பதால் நம்பமுடியவில்லை.

அவள் தாலிகட்டுக்கு உடுக்கும் கூறைச் சேலை எடுக்க ஏறாவூருக்குப் போயிருந்தோம். கூறை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. மாப்பிள்ளையின் தாய் மங்கையற்கரசி சொல்வதுதான் முடிவு. புருஷனை இழந்த நான் ஒதுங்கி நிற்கவேண்டும். ஆனால் கார்மெண்டில் எட்டு வருடம் துணி பரிசோதித்த கை. அரக்குநிறச் சேலையொன்றை விரித்ததும் தானாகப் போய் முந்தானையைக் கசக்கிப் பார்த்தது. அசல் பட்டு.

மங்கையற்கரசி அதைப் பறித்து எறிந்தாள்.

"என்னகா இது? அறுதலி தொட்ட சீலையயோ என்ட மருமகள் உடுக்கிற?"

"துணி நல்லமா எண்டு பார்த்தனான், மாமி."

"களிசானும் சட்டையும் தைக்கிறவளுக்குப் பட்டும் தெரியுமாக்கும்! தள்ளி நில்லுகா."

"அக்கா பார்த்ததையே எடுப்பம், மாமி," என்றாள் தக்சிகா.

"அப்ப உன்ட அக்காவையே மாப்பிள்ளையும் கொண்டுவரச் சொல்லு."

மங்கையற்கரசி வேறொன்றை எடுத்தாள். பளபளவென்று மின்னியது. அதிலிருந்து உதிர்ந்து மேசையில் கிடந்த நூலொன்றை நான் எடுத்துவந்தேன். வீட்டில் அடுப்பில் காட்டினேன். பட்டென்றால் மயிர் கருகும் நாற்றத்தோடு சாம்பலாகும். இது உருகிச் சுருண்டு கறுப்பு மணியானது. ஓமகுண்டத்தின் முன் இருக்கக்கூடாத துணி.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. சொன்னால் குழப்ப வந்தவள் என்பார்கள் என்று பேசாமலிருந்தேன். மங்கையற்கரசியின் தெரிவு பிழையென்று சபையில் தெரியட்டும் என்றும் நினைத்தேன்.

தாலி ஏறியபின், ஓமகுண்டத்தில் பொரியிடும்போது ஒரு தீப்பொறி தக்சிகாவின் மடியில் விழுந்தது. சேலை உருகித் தொடையில் ஒட்டியது. பின்வரிசையிலிருந்து ஓடிப்போய் நான்தான் தண்ணீர் ஊற்றினேன்.

"அறுதலிட கை பட்ட தோசம்!" என்று மங்கையற்கரசி கத்தினாள்.

அது நான் தொடாத சேலை.

ஆஸ்பத்திரியில் தக்சிகாவிடம் நூலைப் பற்றிச் சொன்னேன்.

"தெரிஞ்சும் ஏன்கா சொல்லல்ல?"

"நெருப்புக்குக் கிட்டப் போகாத எண்டு சொன்னன் எண்டுதான் நினைக்கிறன்."

"இல்லக்கா. நீ ஒண்டும் சொல்லல்ல."

தக்சிகாவும் அவள் புருஷன் உதயரூபனும் வவுணதீவில் எங்கள் வீட்டில் குடியிருக்கிறார்கள். அவள் தொடையில் உள்ளங்கையளவு தழும்பு. மங்கையற்கரசி அங்கே வருவதில்லை. பின்வளவு அறையில் இருக்கும் என்னோடு தக்சிகா பேசுவதில்லை. நான் இன்னும் கார்மெண்டில் துணி பார்க்கிறேன்.