வரலாறு-இரண்டின் முழங்கால்

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் என் மூக்குக்கண்ணாடி இந்த நிமிடமே விரிசல் விடட்டும். கொஞ்சம் பொறுங்கள். விடவில்லை. மேலே போகலாம்.

முப்பத்தொரு வருடம் ஒரே பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். வருடா வருடம் கால அட்டவணை போடும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. கால அட்டவணையில் யாருக்கும் பெயர் கிடையாது. தமிழ்-1, அறிவியல்-3, வரலாறு-2, அவ்வளவுதான். யாருக்கு எந்த மணி ஆகாது, யார் யாரோடு பேச மாட்டார், யாருக்கு எந்த அறை வேண்டும் என்பதையெல்லாம் ஒரு நீல நோட்டில் எழுதி வைத்தேன். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு விதிகள். ஓய்வு பெற்ற அன்று அந்த நோட்டைப் பள்ளியிடம் ஒப்படைத்தேன். பள்ளி அதை ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

என் மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். வருடத்தில் பத்து மாதம் தண்ணீரில் இருப்பான். அதனால் வீட்டில் நானும் மருமகளும்தான். அவள் ஆராய்ச்சி மாணவி. கால அட்டவணையைக் கம்ப்யூட்டரே போட வேண்டும் என்பது அவள் ஆராய்ச்சி. நான்கு வருடம் ஆகிவிட்டது. பேராசிரியர் கடைசியாகக் கெடு வைத்திருந்தார்: ஏதாவது ஒரு பள்ளி அவள் அட்டவணையை ஏற்றுக்கொண்டதாக வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் கையெழுத்து வர வேண்டும். வராவிட்டால் பட்டம் கிடையாது. அவள் என் பழைய பள்ளியைப் பிடித்தாள். நீல நோட்டிலிருந்த இருநூற்றுப் பதினான்கு விதிகளையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினாள்.

"மொத்தம் எத்தனை விதமா போடலாம்மா?" என்று ஒரு நாள் பள்ளிக்கு நடந்து போகும்போது கேட்டுவிட்டேன். ஒன்று என்று ஆரம்பித்துப் பூஜ்யம் பூஜ்யமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பள்ளி வாசலுக்கு வந்தபோதும் நான்கு பூஜ்யம் பாக்கி இருந்தது. வாசலில் நின்று சொல்லி முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். அப்படிப்பட்ட பெண்.

வெள்ளோட்டம் பார்க்க முதலில் எங்கள் வீட்டுக்கே ஓர் அட்டவணை போட்டாள். குளியலறை எனக்கு ஆறு நாற்பது முதல் ஆறு ஐம்பத்திரண்டு வரை. ஜன்னலில் வந்து உட்காரும் புறாவுக்கு ஏழு ஐந்து. மூன்றாம் நாளிலிருந்து புறா சரியாக ஏழு ஐந்துக்கு வந்தது. வீட்டில் தாமதம் நான் ஒருவன்தான்.

பிறகு பள்ளிக்கானதை ஓடவிட்டாள். பதினொரு நாள் கம்ப்யூட்டர் இரைந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "எப்ப சார் மில்லு வச்சீங்க?" என்றார். அதன் சூட்டில் துவைத்த துணியெல்லாம் காயப்போட்டோம். முதல் நாள் எண்ணூறு மோதல்கள். ஒரே அறையில் இரண்டு வகுப்பு, ஒரே ஆசிரியருக்கு இரண்டு வகுப்பு, இப்படி. அது நாற்பதாகி, ஐந்தாகி, ஒன்றாகி, ஒன்றிலேயே நின்றுவிட்டது.

அந்த ஒன்று இதுதான். புதன்கிழமை ஐந்தாவது மணி. கீழ்த்தளத்து வரைபட அறை. இந்த வருடம் புதிதாகப் பிரித்த எட்டாம் வகுப்பு 'பி'க்கு அந்த மணியில் வேறு இடமில்லை. மாடியில் பாட்டு அறை காலிதான். ஆனால் அதில் இருபது பேருக்கு மேல் உட்கார முடியாது. 'பி'யில் நாற்பத்து மூன்று பேர். வரைபட அறையிலோ அந்த நேரத்தில் வரலாறு-2 இருக்கிறார். அவருடைய மாணவர் எண்ணிக்கை என்ற இடத்தில் 'குறைவு' என்று இருந்தது. அவர் பாட்டு அறைக்குப் போய்விட்டால் தீர்ந்தது. ஆனால் விதி நூற்றுப் பதினேழு: வரலாறு-2க்கு முழங்கால் வலி, மாடி ஏறக் கூடாது.

தலைமையாசிரியை அட்டவணையைப் பார்த்தார். "ஒரு மோதல்னாலும் மோதல்தான்மா. பேசாம நான் கையால போட்டதையே ஒட்டிடறேன்."

"நீங்க எட்டாவது 'பி'ய எங்க போட்டீங்க மேடம்?"

"மரத்தடியில."

"மழை பேஞ்சா?"

தலைமையாசிரியை ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். 

"வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த வரலாறு-2 சாரப் பாத்துப் பேசிச் சம்மதிக்க வைக்கிறேன்" என்றாள் மருமகள்.

இந்த இடத்தில் நான் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வரலாறு-2 என்று ஒருவர் கிடையாது. அட்டவணையில் விழும் ஓட்டைகளை அடைக்க என் இரண்டாம் வருடத்தில் நான் உண்டாக்கிய ஆள் அவர். யார் எந்த மணி வேண்டாமென்றாலும் அதை அவர் தலையில் கட்டுவேன். அந்த மணிகளில் பிள்ளைகள் தாங்களே படித்துக்கொண்டார்கள். தேர்ச்சியில் அந்த வகுப்புகள்தான் முதலிடம். புதன் ஐந்தாவது மணி மட்டும் கொஞ்சம் சொந்த விஷயம். வரைபட அறையில் ஒரு நீள மேசை உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு அதில் படுத்தால் வரும் தூக்கம் வேறெங்கும் வராது. ஓய்வு பெற்ற பிறகும் 'வரைபடங்களைச் சரிபார்க்க' புதன்தோறும் போய் வருகிறேன்.

வியாழக்கிழமை அவள் ஆசிரியர் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"வரலாறு ரெண்டா? இப்பதாங்க கெளம்பினாரு, கேட்டுல பாத்தேன்" என்றார் விளையாட்டு ஆசிரியர்.

"தங்கமான மனுஷன். அதிகம் பேச மாட்டாரு" என்றார் அறிவியல் ஆசிரியை.

நூலகர் மட்டும் முகத்தைச் சுளித்தார். "ரெண்டு புத்தகம் எடுத்துட்டுப் போனவரு, இன்னும் திருப்பித் தரல."

கூட வேலை பார்ப்பவரைத் தெரியாது என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. தலைமையாசிரியை ஒரு படி மேலே போனார். "இத்தனை வருஷத்துல ஒரு நாள் லீவு போட்டதில்ல. அவர்கிட்டப் போய் இடம் மாறுங்கன்னு எப்படிம்மா கேப்பீங்க?"

"நான் கேக்கறேன் மேடம்" என்றாள்.

படிக்கட்டின் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. வரலாறு-2 வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலும் அங்கேயே உட்கார்ந்தாள். பதினொரு மணிக்கு இஞ்சி டேப்பை எடுத்துப் படிகளை அளக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா பண்றே?"

"கால் வலின்னா என்ன மாமா, தூக்கிட்டுப் போயிடலாம். விளையாட்டு சார் கயிறு தரேன்னாரு. நாற்காலியில உக்காத்தி வச்சு, இருபத்திரண்டு படி, நானும் அவருமா தூக்கினா நாலு நிமிஷம். அஞ்சாவது மணி அடிக்கறதுக்குள்ள பாட்டு ரூம்ல இருப்பாரு."

"அவர் ஒத்துக்கலேன்னா?"

"நாலு வருஷம் மாமா. ஒத்துக்க வைப்பேன்."

கயிறு நிஜமாகவே வந்துவிட்டது. நெற்றியில் வியர்வையோடு அவள் அதில் முடிச்சுப் போட்டுப் பார்த்தாள். நேரம் பதினொன்றரை. இல்லாத ஆளுக்காக இவ்வளவு உறுதியான முடிச்சை நான் பார்த்ததில்லை. என் தூக்கமா, அவள் பட்டமா? மேசையை ஒரு தடவை மனதுக்குள் கும்பிட்டுவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் கயிற்றைக் கீழே போட்டாள்.

"அப்ப வரைபட ரூம் மேசை டிராயர்ல நான் பாத்த தலையணை?"

"அவரோடது."

"மாமா."

"என்னோடதும்மா."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நேரமில்லை போலிருக்கிறது. படியிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். வரலாறு-2ஐ அழித்தாள். மோதல் ஒன்றிலிருந்து நூற்றுப் பத்தொன்பதானது. முப்பது வருடமாக எல்லார் பாரமும் அவர் மேல்தானே கிடந்தது.

"போச்சா?" என்றேன்.

"கொஞ்சம் சும்மா இருங்க." நகத்தைக் கடித்தாள். பிறகு அழித்த ஆளைத் திரும்பக் கொண்டுவந்தாள். நூற்றுப் பதினேழாம் விதியை மட்டும் எடுத்தாள். அதாவது, ஆள் இருக்கட்டும், முழங்கால் குணமாகட்டும்.

மில் மறுபடி ஓடியது. படிக்கட்டுக் கைப்பிடி சூடானது. பதினொன்று ஐம்பத்திரண்டுக்குச் சத்தம் நின்றது. மோதல் பூஜ்யம்.

இருபத்திரண்டு படிகளையும் ஒரே மூச்சில் ஏறித் தலைமையாசிரியை அறைக்கு ஓடினாள். நான் போய்ச் சேரும்போது பேனா கையெழுத்தின் பாதியில் நின்றிருந்தது.

"அவர் சம்மதிச்சாரா?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"சம்மதிச்சுட்டாரு மேடம். முழங்கால் இப்ப பரவாயில்லையாம்."

"பாவம், கஷ்டப்படுத்திட்டோமோ" என்றபடி மீதிக் கையெழுத்தையும் போட்டார்.

அவளுக்குப் பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டின் முதல் பக்கத்தில், 'தன் வலியைப் பொருட்படுத்தாமல் மாடி ஏறிய வரலாறு-2 அவர்களுக்கு' என்று நன்றி சொல்லியிருக்கிறாள். புதன்கிழமைகளில் நான் இப்போது தலையணையோடு பாட்டு அறைக்கு ஏறுகிறேன். முழங்கால் வலி மட்டும் நோட்டில் எழுதியபடியே நிஜம், அது என்னுடையது. ஒவ்வொரு படியிலும் மருமகளை நினைத்துக்கொள்வேன்.

அந்த மருமகளும் வரலாறு-2 மாதிரிதான்: நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.