தொட்டுப் பார்த்த கை

கைராசியின் வலது கை செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அடக்கம் செய்யாமல் அதைத் தோளில் மாட்டிக்கொண்டே திரிந்தார்.

முதலில் விரல் நுனிகள் மரத்தன. பிறகு உள்ளங்கை. "சர்க்கரை நரம்பைத் தின்னுடுச்சு. போனது போனதுதான், இருக்கறதையாவது காப்பாத்திக்கங்க" என்றார் மருத்துவர். இடது கையும் பாதி வழியில் இருந்தது. இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. பட்டறையில் சொல்வாரா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனாலும் மறைத்தார்.

ஏனென்றால் அந்தப் பட்டப்பெயரே கையால் வந்தது. பழைய லாரிகளுக்கு முன்பக்க வேலை பார்ப்பவர் அவர். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரம் வரை போகும் கம்பிகளின் மூட்டுகள் ரப்பர் உறைக்குள்ளே தேயும், வெளியே தெரியாது. ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் அடியில் படுத்து மூட்டைக் கையால் பொத்திப் பிடிக்க வேண்டும். தேய்ந்த மூட்டு உள்ளங்கையில் ஆடுகிற பல்லைப் போல அசையும். மற்ற பட்டறைகளில் கடப்பாரை கொடுத்து நெம்புவார்கள். கைராசி கை வைத்தாலே போதும், மயிரிழை ஆட்டத்தையும் சொல்லிவிடுவார். அவர் 'ஓட்டு' என்றால் ஓட்டுநர்கள் மறுபேச்சில்லாமல் ஓட்டினார்கள்.

பதினெட்டு வருடமாக மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஆட்டியது அவருடைய மனைவி. வீடு பட்டறைக்குப் பின்னாலேயே இருந்தது. கூப்பிட்டால் ஈரக்கையைத் துடைத்தபடி வந்து ஏறுவாள். அடியிலிருந்து அச்சில் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினால் ஆட்டு, இரண்டு தட்டினால் நிறுத்து. புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோன நாட்களில்கூட அந்தத் தட்டுக்கு அவள் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

கை போனபின் கைராசி காதை நம்பினார். கை வைப்பதுபோல் வைத்து, காதை மூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் 'டக்' என்ற சத்தத்துக்குக் காத்திருப்பார். சந்தேகம் வந்தால் தயங்காமல் கழற்றிப் புதிது போட்டுவிடுவார். அதில் பாவம் ஒன்றுமில்லை, யாருக்கும் ஆபத்துமில்லை. ஆனால் ஊர் சும்மா இருக்குமா? நல்ல சாமானையெல்லாம் கழற்றிப் போடுகிறார், கடைக்காரனோடு கூட்டு என்று பேச ஆரம்பித்தது. ஊராருக்கு நாக்கில் நரம்பில்லை, இவருக்குக் கையில் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மச்சினன் வண்டியோடு வந்தான். மனைவிக்கு ஒரே தம்பி. தாயில்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தது அவள்தான். லாரிக்கு அவனைவிட வயது அதிகம். முன்சக்கரங்கள் இரண்டும் ஆளுக்கொரு திசை பார்த்தன.

இரண்டு நாள் வேலை. சக்கரம் திரும்புகிற கிங் பின்களைத் தட்டி எடுத்துப் புதிது போட்டார். பாரம் தாங்கும் வில்பட்டைகளைப் பிடித்திருக்கும் பின்களும் புஷ்களும் கண்ணுக்கே தெரியும்படி தேய்ந்திருந்தன, அவற்றையும் மாற்றினார். மிச்சமிருந்தது இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் நீளக் கம்பியின் இரு முனை மூட்டுகள்தான்.

"அதையும் கழட்டிடலாம் மாப்ள" என்றார்.

மச்சினனுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. "மாமா, ஸ்டாண்டுல உங்களப் பத்தி என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? கைராசி இப்போ கழட்டுராசி ஆயிட்டாராம். நான்தான் சண்டை போட்டுட்டு வந்தேன். என் மாமா கை பொய் சொல்லாதுன்னேன். தொட்டுப் பாருங்க. கெட்டிருந்தா கழட்டுங்க, நல்லா இருந்தா விட்டுடுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான். வெள்ளந்தியான சிரிப்புதான். ஆனால் அது கைராசிக்குச் சுருக்கென்று தைத்தது. கை தவிர மற்ற இடத்திலெல்லாம் அவருக்கு உணர்ச்சி நன்றாகவே இருந்தது.

அடியில் போய்ப் படுத்தார். மனைவி மேலே ஏறினாள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் கல்லை அள்ளிக் கொட்டுவது போன்ற சத்தம்.

ஒரு தட்டு தட்டினார். அவள் ஆட்டினாள். இடது மூட்டைப் பொத்திப் பிடித்தார். ஒன்றும் தெரியவில்லை. காதை ஒட்டிவைத்தார். மழைதான் கேட்டது. கடப்பாரை கை எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. ஆனால் பக்கத்தில் மச்சினன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வலது மூட்டிலும் அதே கதை.

இரண்டு தட்டு தட்டினார்.

மேலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, ஸ்டியரிங்ல ஏதோ தட்டுற மாதிரி இருக்கே?"

"நீ மெக்கானிக்கா, நான் மெக்கானிக்கா?"

"இல்ல, கையில தெரியுது. அதான்..."

"இறங்கு. எனக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போகுது?"

அவள் இறங்கிவிட்டாள். கைராசி வெளியே வந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு. ஓட்டு மாப்ள" என்றார்.

மூன்றாம் நாள் மலை இறக்கத்தில், நல்ல வெயிலில், ஒரு வளைவில் லாரி நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. வண்டியை வெட்டித்தான் மச்சினன் உடலை எடுத்தார்கள்.

விசாரிக்க வந்தவர்கள், பிரேக் பிடித்த தடமே இல்லை, தூங்கியிருப்பான் என்றார்கள். வண்டி விழுந்ததில் கம்பி கழன்றிருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். அடக்கம் முடிந்து ஒரு வாரத்தில், சொந்தக்காரர் என்பதால், நொறுங்கிய வண்டியைக் கைராசியின் பட்டறையிலேயே கொண்டுவந்து போட்டார்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்களிடமெல்லாம் மனைவி ஒன்றையே சொன்னாள்: "வண்டியில குறையே இல்லங்க. இவரே கை வச்சுப் பார்த்தாரே. பாவி, தூங்கிட்டானே."

அதைக் கேட்கும்போதெல்லாம் கைராசி எழுந்து வெளியே போய்விடுவார். ஒருநாள் மதியம் வண்டிக்கு அடியில் போனார். இடது மூட்டின் உருண்டை கிண்ணத்தை விட்டு வெளியே வந்து தொங்கியது. கிண்ணத்தின் வாய் தேய்ந்து அகன்றிருந்தது. அது விழுந்ததில் ஆன தேய்மானமில்லை, வருடக்கணக்கில் ஆனது. வலது மூட்டைக் கழற்றிக் கையில் வைத்து ஆட்டினார். கைக்கு ஒன்றும் தெரியவில்லை. மழையில்லாத பட்டறையில் காதுக்கு மட்டும் தெளிவாகக் கேட்டது. டக். டக்.

மூட்டோடு அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்து உட்கார்ந்தார். தலை நிமிர்ந்தால் மனைவி நின்றிருந்தாள்.

"என்ன அது?"

ஒளித்திருக்கலாம். பழைய இரும்புக் குவியல் பக்கத்திலேயே இருந்தது. அவள் காலமெல்லாம் தம்பி தூங்கிவிட்டான் என்றே அழுதிருப்பாள். கைராசி மூட்டை அவளிடம் நீட்டினார். "ஆட்டிப் பாரு."

அவள் ஆட்டினாள். ஒரு தடவை ஆட்டியதுமே நிறுத்திவிட்டாள். அது அன்று ஸ்டியரிங்கில் அவள் கைக்குத் தெரிந்த அதே தட்டு.

"இது ஆடுது."

"ஆமா."

"ஆடுறது உங்களுக்குத் தெரியலையா?"

அவள் கீழே உட்கார்ந்து அவருடைய வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். போன மாதத்துத் தீக்கொப்புளத் தழும்பைப் பார்த்தாள். வெல்டிங்கில் பட்டது என்று அன்றைக்குச் சொல்லியிருந்தார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்து அவரும் அவள் முகத்தையே பார்த்தார். அவள் அழவில்லை. சிமெண்டுத் தரையில் ஏதோ சொட்டியது. குனிந்து பார்த்தபோதுதான், தன் ஆள்காட்டி விரலில் அவள் நகம் சதைவரை இறங்கியிருப்பது அவருக்குத் தெரிந்தது.

"எப்பலருந்து?"

"எட்டு மாசமா."

அவள் கையை விட்டாள். வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்காமலே குரல் கொடுத்தார். "அண்ணே, ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்குது. கொஞ்சம் கை வச்சுப் பாருங்களேன்!"

கைராசி எழுந்திருக்க முயன்றார். மனைவி அவருக்கு முன்னால் எழுந்து, மூட்டைக் கையில் வைத்தபடியே வாசலுக்குப் போனாள்.

"வேற பட்டறைக்குப் போங்கண்ணே. அவருக்குக் கையில உணர்ச்சி இல்ல."

"என்னக்கா சொல்றீங்க? கைராசிக்கா?"

"என் தம்பி வண்டியப் பார்த்தது அந்தக் கைதான்" என்றாள்.

ஓட்டுநர் உள்ளே கிடந்த வண்டியைப் பார்த்தார். பிறகு லாரியைப் பின்னால் எடுத்தார்.