ஆதாரம்: தம்பி

புரூப்காரர் அன்று காலை ஒரு கால் சாக்ஸோடு வீடு முழுக்க அலைந்துகொண்டிருந்தார். இன்னொன்றைக் காணோம். இருபது வருடமாக அச்சகத்தில் உட்கார்ந்து ஊரார் எழுத்தில் இருக்கும் பிழைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிடிக்கிற மனுஷனுக்குச் சொந்த சாக்ஸைக் கண்டுபிடிக்கத் துப்பில்லை. மனைவி விடியற்காலை ஷிப்டுக்குப் போய்விட்டாள். எட்டு வயது மகள் ஸ்கூல் ரிப்போர்ட்டை நீட்டியபடி அவர் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தாள்.

அவர் நின்றபடியே சத்தமாகப் படித்தார். டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘படிப்பில் குறையில்லை. அகமுகி. கூப்பிட்டாலும் பல நேரம் பதில் இல்லை.’

“அகமுகின்னா என்னடா?” அவருடைய அம்மா சமையலறையிலிருந்து கேட்டார்.

“மனசுக்குள்ளேயே இருக்கற ஆளும்மா. அதிகம் பேசாத சுபாவம்.”

“அதுக்கு இம்மாம் பெரிய வார்த்தையா? அமுக்குணின்னு எழுதிட்டுப் போக வேண்டியதுதானே. அப்படியே அத்தையை உரிச்சு வச்சிருக்கு.”

அத்தை என்ற சொல் விழுந்ததும் அம்மாவே அவசரமாகக் குழாயைத் திறந்துவிட்டார்.

“அப்பா, இந்தக் காதுல...” என்று ஆரம்பித்தாள் மகள்.

“கம்மலை அம்மா வந்து மாட்டிவிடுவா கண்ணு. அப்புறம் பேசலாம், பஸ் போயிடும்.”

சாக்ஸ் சோபாவுக்கு அடியில் கிடைத்தது. ரிப்போர்ட்டில் சாயங்காலம் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று பைக்குள் செருகிக்கொண்டு ஓடினார்.

அத்தை என்றால் அவருடைய அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் அவர்களோடேயே இருந்தவள். இரண்டு வருடத்துக்கு முன்னால், நாற்பத்தொரு வயதில், வயிற்றில் வந்த நோயில் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த பதினெட்டாம் நாள் எல்லாம் முடிந்தது. “இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?” என்று டாக்டர் கேட்டபோது, “அவ சொல்லவே இல்லை டாக்டர்” என்று பதில் சொன்னது புரூப்காரர்தான். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் குடும்பம் இரண்டு வருடமாக நடமாடியது. விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா அதையே சொன்னார். கடைசி வரைக்கும் வாயைத் திறக்கலை, அமுக்குணி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்க மாட்டோமா?

அக்கா வேலை பார்த்தது ஒரு அகராதி அலுவலகத்தில். பேச்சுவழக்குச் சொற்களுக்கான அகராதி. வீட்டில் அவள் அபூர்வமாக எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால், “ஆபீஸ்ல எழுதற அகராதி பத்தாதுன்னு உடம்புலயும் அகராதி ஏறிடுச்சா?” என்று தம்பி கிண்டல் செய்வார். எல்லோரும் சிரிப்பார்கள். அக்கா சிரித்தாளா என்று இப்போது யோசித்தால் ஞாபகம் வரவில்லை. அதைவிட மோசம், அவள் குரலே ஞாபகம் வரவில்லை. முகம் வருகிறது, அவள் தட்டு கழுவும் சத்தம் வருகிறது, குரல் மட்டும் வருவதில்லை.

பதினோரு வருடம் அவள் வேலை பார்த்த இடத்துக்கு அவர் ஒரு நாள்கூடப் போனதில்லை. அன்று போகவேண்டி வந்துவிட்டது. அகராதியின் புதிய பதிப்பு அவருடைய அச்சகத்துக்குத்தான் வந்திருந்தது. புரூஃபில் உள்ள ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் மூலச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சீட்டுகளை வெளியே அனுப்ப மாட்டார்கள், ஆளைத்தான் அனுப்ப வேண்டும்.

தலைமைத் தொகுப்பாளர் ஒரு லொடலொட அம்மாள். பேசிக்கொண்டேதான் மூச்சு விடுவார்.

“வாங்க வாங்க. அங்கே ஜன்னலோரம் உக்காருங்க. அது உங்க அக்கா நாற்காலிதான். ஒரு பக்கம் லேசாச் சாயும், பயந்துடாதீங்க. அவங்களுக்கு அப்புறம் யாரும் அதுல உக்காரலை. ஆளும் போடலை, அது வேற கதை. சீட்டெல்லாம் அவங்க வச்சது வச்சபடி இருக்கு. தங்கமான மனுஷி. பதினோரு வருஷத்துல பதினோரு வார்த்தை பேசியிருப்பாங்க!”

நாற்காலி சாய்ந்தது. அக்காவின் உடம்பு பழக்கிவைத்த சாய்வு. அவருக்கு முதுகு கூசியது.

சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அளவு சீட்டுகள். சொல், பொருள், எடுத்துக்காட்டு, தேதி, கடைசி வரியில் ஆதாரம்.

“ரெண்டு விதி சொல்லிடறேன்,” என்றார் அம்மாள். “ஒண்ணு, எடுத்துக்காட்டைக் கற்பனையா எழுதக் கூடாது. யாரோ எங்கேயோ நிஜமாச் சொன்னதா இருக்கணும். யாரு, எங்கேன்னு ஆதாரம் போடணும். ரெண்டு, சீட்டு எழுதறவங்க சொந்தப் பேச்சை ஆதாரமாக் காட்டக் கூடாது. அவங்கவங்க வசதிக்குப் பேசிட்டு எழுதிடுவாங்க பாருங்க.”

அகமுகி என்ற சொல்லில்தான் முதல் சிக்கல் வந்தது. புதிய சொல்; சீட்டில் பொருள் மட்டும் இருந்தது, எடுத்துக்காட்டு இல்லை. புரூப்காரருக்கு ரிப்போர்ட் ஞாபகம் வந்தது. எடுத்துக் காட்டினார். அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். “அட, சுடச்சுட வந்திருக்கே! எழுதுங்க எழுதுங்க!” அவரும் புதுச் சீட்டில் எழுதினார். ‘அகமுகி. கூப்பிட்டாலும் பல நேரம் பதில் இல்லை. ஆதாரம்: டீச்சர், ஸ்கூல் ரிப்போர்ட்.’ மகளின் பெருமை அகராதியில் ஏறுகிறது என்று உள்ளூர ஒரு குளிர்ச்சிகூட. அப்பன்களுக்குப் பெருமைப்பட அவ்வளவு போதும்.

“இதுக்கு இணையா அமுக்குணியைப் போட்டிருக்கேன். ரெண்டும் ஒண்ணுதானே? அந்தச் சீட்டையும் பாத்துடுங்க,” என்றார் அம்மாள்.

அமுக்குணிச் சீட்டு அக்காவின் கையெழுத்தில் இருந்தது. சின்ன எழுத்து, நெருக்கமாக.

‘அமுக்குணி: மனதில் உள்ளதை வேண்டுமென்றே மறைப்பவர் என்று பிறரால் எண்ணப்படுபவர். “இவ ஒரு அமுக்குணி. மனசுல என்ன இருக்குன்னு கடவுளுக்கே தெரியாது.” ஆதாரம்: அம்மா, சமையலறை.’ கீழே பென்சிலில் ஒரு குறிப்பு: ‘அகமுகிக்கு இணையாகக் காட்டக் கூடாது. அகமுகி ஒருவரின் இயல்பு. அமுக்குணி மற்றவர்கள் வைக்கும் பெயர்.’

அவர் அந்த வரியை இரண்டு தரம் படித்தார். அம்மா சமையலறையில் அதைச் சொன்னபோது தானும் அங்கே இருந்தது நன்றாக நினைவிருந்தது. அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து முடித்து, கையைக் கழுவி, வந்து எழுதியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவர் புரூஃபைப் பார்க்கவில்லை. இழுப்பறைகளைத்தான் திறந்தார்.

‘உம்மணாமூஞ்சி: “இந்த உம்மணாமூஞ்சியைக் கூட்டிட்டுப் போனா விசேஷ வீடே களை இழந்துடும்.” ஆதாரம்: தம்பி, வாசலில், செருப்பு மாட்டும்போது.’

‘கல்லுளிமங்கி: “எத்தனை கேட்டாலும் வாயைத் திறக்குதா பாரு, கல்லுளிமங்கி.” ஆதாரம்: அம்மா, கூடம்.’

‘அகராதி (2): திமிர். “உடம்புலயும் அகராதி ஏறிடுச்சா?” ஆதாரம்: தம்பி, சாப்பாட்டு மேசை. எல்லோரும் சிரித்தார்கள்.’

யாரைப் பற்றிச் சொன்னது என்று ஒரு சீட்டிலும் இல்லை. விதிப்படி தேவையில்லை. மத்தியான வெயில் ஜன்னல் வழியாகச் சீட்டுகள் மேல் விழுந்துகொண்டிருந்தது. பட்டப்பகலில், விசிறி சுற்றும் அறையில், ஆள் நடமாட்டத்துக்கு நடுவே அவர் இழுப்பறை இழுப்பறையாகத் திறந்துகொண்டே போனார். ஒவ்வொரு இழுப்பறையிலும் அவர் வீடு இருந்தது. கூடம், வாசல், மேசை. வீட்டில் எல்லோரும் பேசினார்கள், அக்கா ஒருத்தி பேசாமல் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் இப்போதும் தோளுக்குப் பின்னால் நின்று அவர் படிப்பதைப் பார்ப்பதுபோல இருந்தது. திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

காதில் வாங்கு என்ற சீட்டு கிடைத்தபோது மணி மூன்று.

‘காதில் வாங்கு: சொல்வதைக் கேட்டு மனத்தில் கொள். “வயிறு வலிக்குதுன்னு மூணு தடவை சொன்னேன். யாரும் காதுல வாங்கலை.” ஆதாரம்: நான்.’

தேதி, ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு ஐந்து மாதம் முந்தையது. சீட்டின் குறுக்கே சிவப்புக் கோடு. ஓரத்தில் வேறு கையெழுத்து: ‘ஏற்க இயலாது. சொந்தப் பேச்சு.’

அப்போது குரல் வந்தது. இரண்டு வருடமாக வராத குரல், கொஞ்சம் கம்மலாக, வாக்கியத்தின் கடைசியில் தேய்ந்துபோகிற அதே குரல். மூணு தடவை சொன்னேன். யாரும் காதுல வாங்கலை.

அவர் சீட்டைத் தூக்கிக்கொண்டு போய் அம்மாளிடம் காட்டினார். அம்மாள் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். தம் கையெழுத்தை அவருக்கு அடையாளம் தெரியாமல் இருக்குமா?

“விதிப்படி அடிச்சேன்,” என்றார். பிறகு, “வயிறு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்றார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சீட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

மூன்று தடவை. யாரிடம் சொன்னாள்? எங்கே? அவருக்கு அது தெரிந்தே ஆகவேண்டும் என்றிருந்தது. தெரியக் கூடாது என்றும் இருந்தது. அதே வாரத் தேதியிட்ட சீட்டுகளைத் தேடினார். இரண்டு கிடைத்தன.

‘கஷாயம்: “ஒரு கஷாயம் வச்சுக் குடி, எல்லாம் சரியாப் போயிடும்.” ஆதாரம்: அம்மா, சமையலறை.’

‘அப்புறம்: பிறகு, பெரும்பாலும் வராத நேரம். “அப்புறம் பேசலாம், பஸ் போயிடும்.” ஆதாரம்: தம்பி, வாசல்.’

அவர் அதைப் படித்தார். உதடு அசையப் படித்தார். அந்த வாக்கியத்தைத் தான் கடைசியாகச் சொன்னது இரண்டரை வருடத்துப் பழைய கதை அல்ல, இன்று காலை. அப்பா, இந்தக் காதுல...

கம்மல் இரண்டும் மகளின் காதில்தான் இருந்தன. இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. காலையில் பார்த்துக்கொண்டேதான் பேசினார், தெரியவில்லை.

காலையில் தான் எழுதிய அகமுகிச் சீட்டை இழுப்பறையிலிருந்து உருவிச் சட்டைப் பையில் திணித்தார். சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்.

வீட்டில் மகள் கூடத்தில், கதவுக்கு இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு, படம் வரைந்துகொண்டிருந்தாள். வாசற்படியில் நின்று தணிந்த குரலில் கூப்பிட்டார். திரும்பவில்லை. இரண்டடி உள்ளே வந்து கூப்பிட்டார். பென்சில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய், மெதுவாக, மூச்சு மாதிரி கூப்பிட்டார்.

“என்னப்பா?” என்று உடனே நிமிர்ந்தாள்.

அவர் தரையில் உட்கார்ந்தார். “அந்தக் காதுல என்னம்மா?”

“கேக்கலைப்பா. காத்து மாதிரி உய்ங்குனு மட்டும் கேக்குது. டீச்சர் அந்தப் பக்கம்தான் நிக்கறாங்க.”

“எத்தனை நாளா?”

“லீவு முடிஞ்சதுலேர்ந்து.” அவள் குரலில் கோபமில்லை, வண்ணப் பென்சிலை மாற்றிக்கொண்டாள். “நான்தான் சொன்னேனே. அன்னிக்கும் சொன்னேன். பாட்டிகிட்டயும் சொன்னேன்.”

அவர் எழுந்து செருப்பை மாட்டினார். காது டாக்டர் மாலை ஐந்து மணிக்கு வருவார். மகளைத் தன் இடது பக்கம், அவளுடைய நல்ல காது தன்னைப் பார்த்திருக்கும்படி நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா கரண்டியோடு எட்டிப்பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குப் பதறிவிட்டது. பாசத்தில் குறை சொல்ல முடியாது. பதற்றத்தில் வாய் பழைய பாதையிலேயே போயிற்று.

“அடிப்பாவி, இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலையே! அத்தை மாதிரியே அமுக்குணி, அவளும் இப்படித்தான்...”

“சொன்னாம்மா,” என்றார் அவர்.

“என்னது?”

“இவ சொன்னா.” சட்டைப் பையில் சிவப்புக் கோடு போட்ட சீட்டும் இருந்தது, எப்போது எடுத்து வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. அதை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார். “அவளும் சொன்னா.”